சடைமுடியோடு வேலைக்குப் போவது: திருகோணமலையில் வைத்திருப்போர் சொல்பவை

உப்புவெளி, ஹோட்டல் வேலை

வேலையிடத்தில் சடைமுடிக்கு, அதாவது திரிதிரியாக இறுகின முடிக்கு (ட்ரெட்லொக்ஸ்), வருகிற முறைப்பாடுகளில் கனதியானது மணம்தான். "வடிவில்லை" என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய ரசனை. "மணக்குது" என்று சொல்லி, அது உண்மையாகவும் இருந்தால், வேறெந்த நியாயமும் எடுபடாது. அதனால் மணத்தில் தொடங்குகிறேன்.

மணம் பெரும்பாலும் ஊத்தையால் வருவதில்லை, ஈரத்தால் வருகிறது. விரல் தடிப்பான சடை வெளியே காய்ந்தாலும் நடுவில் நனைந்தபடியே இருக்கும். அதைக் கட்டித் தொப்பியும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பிடித்த பிறகு சில வேளை வெட்டுவதைத் தவிர வழியில்லை. கச்சான் வீசும் மாதங்களில் காலையில் கழுவினால் பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். நவம்பர், டிசம்பர் மாரியில் அதே தலை அடுத்த நாள்வரை ஈரம் விடாது. வெளியே தடவிப் பார்ப்பது போதாது. ஆகத் தடிப்பான சடையின் நடுப்பகுதியைக் கடதாசிக் கைக்குட்டையால் சுற்றி 10 விநாடி இறுக்கிப் பிடியுங்கள். கடதாசி பதப்பட்டால் இன்னும் கட்டக்கூடாது.

ஐந்து நாளுக்கு ஒருமுறை கழுவினால் போதும். குசினியில் நிற்பவர்களுக்கு வாரத்தில் இரண்டு தரம் வேண்டும். லீவு நாள் காலையில் கழுவுவதுதான் நல்லது. கண்டிஷனர் கலக்காத தெளிவான ஷாம்பூ ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. கூர்மூக்குள்ள சோஸ் போத்தலில் கலந்து, சடைகளுக்கு இடையில் தெரியும் தோலில் கோடு கோடாக விடுங்கள். விரல் நுனியால் தோலைத் தேய்த்து, நுரையைச் சடை வழியே கீழே பிழிந்து இறக்குங்கள். சடையையே கசக்கித் தோய்த்தால் பிசிறு கிளம்பும், நுரையும் உள்ளே தங்கும். தண்ணீர் தெளிவாக வந்த பிறகும் இரண்டு நிமிடம் அலச வேண்டும். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு சடையாக வேரிலிருந்து நுனிவரை பிழிந்து, பழைய பருத்தித் துணியால் ஒற்றி, ஃபானுக்கு முன்னால் இருங்கள். காயும்போதே வேரில் ஒட்டிக்கொண்டவற்றைக் கையால் பிரித்துவிடுங்கள். விட்டால் இரண்டு சடை ஒன்றாகும், காய எடுக்கும் நேரமும் கூடும்.

வீட்டுப் பழக்கங்களில் இரண்டை நிறுத்த வேண்டும். ஒன்று சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ சடைக்குள் போனால் முழுதாக வெளியே வராது. நாளடைவில் காறல் மணம் வரும், தூசும் ஒட்டும். தோல் காய்ந்தால் இரண்டு மூன்று துளியை விரல் நுனியில் எடுத்துத் தோலில் மட்டும் தடவலாம். மற்றது சீயக்காய், அரப்புத் தூள். அதன் பொடி சடைக்குள் புகுந்தால் பொடுகுபோல வெள்ளையாகத் தெரியும், கழுவினாலும் போகாது. சீயக்காய்தான் வேண்டும் என்றால் அவித்து, மெல்லிய துணியில் இரண்டு தரம் வடித்த தண்ணீரை மட்டும் பாவியுங்கள். தேன்மெழுகு பக்கமே போக வேண்டாம்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அப்பச்சோடா 2 மேசைக்கரண்டியை 4 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, சடையை 15 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். பிறகு 1 லீற்றர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி வினாகிரி விட்டு ஊற்றி, மறுபடி அலசுங்கள். ஊறிய தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும், பயப்பட வேண்டாம். அடிக்கடி செய்தால் முடி உடையும்.

பட்டினம், கந்தோர்

மேலே உள்ளதைச் சரியாகச் செய்தவருக்கும் பேச்சு நிற்காது. "இதென்ன கோலம் தம்பி?" "கஞ்சா கிஞ்சா பழக்கமோ?" இரண்டும் இரண்டு விதமான கேள்விகள். ஒரே பதிலைச் சொன்னால் பிசகும்.

முதலாவது, கூட வேலை செய்பவரின் வாய்ப்பேச்சு. "முடி என்ர விருப்பம் அண்ணை, வேலையில குறை இருந்தாச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கஞ்சாக் கேள்வியைச் சிரித்து விடக்கூடாது. அது நாளைக்கு ஒரு கதையாகப் பரவும். "இல்லை சேர், அப்படி ஒரு பழக்கமும் எனக்கில்லை. திரும்ப அப்படிக் கேட்க வேண்டாம்" என்று அந்த இடத்திலேயே, மற்றவர்கள் கேட்க, சத்தம் உயர்த்தாமல் சொல்லுங்கள்.

மேலதிகாரி வெட்டச் சொன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த விதி, எழுத்தில் காட்ட முடியுமா? நியமனக் கடிதத்தையும் ஒழுக்க விதிகளையும் முதலே வாசித்து வையுங்கள். பல இடங்களில் "சுத்தமான, ஒழுங்கான தோற்றம்" என்றுதான் இருக்கும். அப்படியானால் காதுக்குப் பின்னால் கட்டி, முன்பிசிறை அடக்கிக்கொண்டு போய், "இப்படிக் கட்டினால் போதுமா?" என்று கேளுங்கள். வெட்டுவதா இல்லையா என்ற பேச்சு எப்படிக் கட்டுவது என்ற பேச்சாக மாறினால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. அன்றைக்கே திகதி போட்டு, நடந்ததை நான்கு வரியில் மின்னஞ்சலாக அவருக்கே அனுப்பி வையுங்கள்.

"கோணேசரும் சடாமுடி வைத்திருக்கிறார்தானே" என்ற பதில் வாய்வரை வரும். சொல்லாதீர்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் இருக்கிற கந்தோரில் ஒருவரின் முடிக் கதையைச் சமயக் கதையாக்கினால் அதிலிருந்து திரும்ப வழியிருக்காது. உண்மையிலேயே நேர்த்திக்கோ தீட்சைக்கோ வளர்ப்பவர் அதை ஆரம்பத்திலேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிரச்சினை வந்த பிறகு சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சட்டத்தைப் பற்றிக் கனவு காண வேண்டாம். கலிபோர்னியாவில் 2019இல், முடியை வைத்துப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கும் கிரவுன் சட்டம் வந்தது. தென்னாபிரிக்காவில் சடைமுடிக்காகச் சிறைச்சாலை உத்தியோகத்தர்களை நீக்கியது பாரபட்சம் என்று 2013இல் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அங்கே அது கறுப்பின மக்களின் முடியோடும் பண்பாட்டோடும் நம்பிக்கையோடும் சேர்ந்த வழக்கு. இங்கே அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் முதலியவற்றைச் சொல்கிறது, தலைமுடியைச் சொல்லவில்லை. அடிப்படை உரிமை மனு அரச தரப்பின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம், அதையும் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். தனியார் நிறுவனம் வேலையை விட்டு நிறுத்தினால் போகிற இடம் தொழில் நியாய சபை, அங்கே ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மின்னஞ்சல்கள் அப்போதுதான் கைகொடுக்கும்.

சீனக்குடா, ஆலை வேலை

ஒரு முறைப்பாட்டில் மட்டும் மறுபேச்சு இல்லை: இயந்திரம். சுழலும் ஷாஃப்ட், பெல்ட், கிரைண்டர், படகு எஞ்சின் எதுவானாலும் சடை சிக்கினால் தனி மயிர்போல அறுந்து விடாது, தலையையே இழுக்கும். தொங்கவிட்டு ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது. பிடரியில் தாழக் கட்டி, நுனியைச் சட்டைக் கொலருக்குள் விட்டு, மேலே துணித்தொப்பி போடுங்கள். உச்சியில் கொண்டை போட்டால் பாதுகாப்புத் தொப்பியின் உள்பட்டி மண்டையில் பொருந்தாது, அடி விழுந்தால் தொப்பி கழன்றுவிடும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் இதே விதிதான். கொண்டைக்காக ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது ஆபத்து.

மூதூர், பெண்கள் பக்கம்

பெண் வைத்தால் வேறு கதை. "அம்மன் இறங்கியிருக்கோ மகள்?" என்று ஒரு பக்கம், "வெட்டினால் குத்தம்" என்று மறுபக்கம். தானாக விழுந்த சடையையும் விரும்பி வைத்த சடையையும் ஊர் ஒன்றாகத்தான் பார்க்கிறது. "நேர்த்தி இல்லை அன்ரி, நானே விரும்பி வைச்சது" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் குங்குமத்தோடு வருபவர்கள் குறைவார்கள். கேட்காமல் தொட வருபவரிடம் "தொடாதேங்கோ" என்று சொல்லித் தலையைப் பின்னுக்கு எடுங்கள், கோபம் தேவையில்லை.

சேலைக்குக் கொண்டை போட றப்பர் பான்ட் வேண்டாம், அகலமான துணிப்பட்டி நல்லது. நெற்றியோரத்தில் சிறு பருப்போலப் புடைத்தால் இழுவை கூடிவிட்டது என்று அர்த்தம். அன்றே தளர்த்துங்கள். தொடர்ந்து இழுபட்டால் அந்த ஓரத்தில் முடி திரும்ப முளைக்காது.

"பேன் பரவும்" என்பதும் அடிக்கடி வரும். பேன் முக்கியமாகத் தலையும் தலையும் முட்டித்தான் பரவும். வந்துவிட்டால் சடையில் பேன்சீப்பு போகாது. பாமசியில் 1 சதவீத பெர்மெத்ரின் வாங்கி, தோலும் வேரும் நனையப் பூசி, 10 நிமிடத்தில் கழுவி, 9ஆம் நாள் திரும்பச் செய்யுங்கள். பொடுகென்றால் 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பூவைத் தோலில் 5 நிமிடம் விட்டு அலசுங்கள். வாரம் இரண்டு தரமாக நான்கு வாரம் செய்யலாம்.

நிலாவெளி, படகு வேலை

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: பெப்ரவரியில் தொடங்குங்கள். ஒக்டோபரில் சீசன் முடிந்து வேலை குறைவு என்று பலர் அப்போது தொடங்குவார்கள், மாரியில் காயாமல் முதல் இரண்டு மாதமே மணம் பிடிக்கும். நம்முடைய நேர் முடிக்கு முதல் மூன்று மாதம் ஆகக் குழப்பமாக இருக்கும், பேச்சும் அப்போதுதான் கூட. மேயில் வெளிநாட்டு ஆக்கள் வரத் தொடங்கும்போது ஓரளவு அடங்கியிருக்கும். முழுதாக இறுகப் பொதுவாக ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். பிசிறை 0.75 மில்லிமீற்றர் குரோஷே ஊசியால் உள்ளே இழுக்கலாம், மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம், ஊசி முடியை அறுக்கும்.

புறாத்தீவுப் பக்கம் கடலில் இறங்கினால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் அலசுங்கள். உப்பு முடியை முறுக வைக்கும், மணல் வேரில் தங்கித் தோலை உரசும். அதற்குள் கட்டிவிட்டால் அடுத்த நாள் கழுவியும் மணல் உதிர்ந்துகொண்டே இருக்கும்.