குழு டோக்கனில் முடங்கிய பணமும் மாதம் 6,000 ரூபாய்ச் சேமிப்பும்

கேள்வி

2021 நவம்பரில், டெலிகிராம் குழு ஒன்றில் அறிமுகமான கிரிப்டோ திட்டத்தில் மூன்று தவணைகளாக 1,40,000 ரூபாய் போட்டேன். அத்திட்டம் வெளியிட்ட கிரிப்டோ நாணயமான டோக்கனை வைத்திருப்போர் அனைவரும் வாக்களித்தே முடிவெடுப்பார்கள் என்றும், ஆறு மாதத்தில் விளையாட்டுச் செயலி வெளிவரும் என்றும் சொன்னார்கள். நானும் இரண்டு முறை வாக்களித்தேன்; இரண்டுமே இலச்சினையின் நிறத்தைப் பற்றியவை என்பது இப்போதுதான் உறைக்கிறது. 2022 மே மாதம் லூனா என்ற கிரிப்டோ நாணயம் சரிந்தபோதுகூட, அது வேறு, நம்முடையது உறுப்பினர்களே நடத்துவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செயலி வரவில்லை. நிர்வாகிகள் குழுவில் கடைசியாக எழுதி ஒன்றரை ஆண்டாகிறது. டோக்கன்களை வைத்திருக்கும் வாலெட் செயலியில் இன்னும் 18,000 ரூபாய் மதிப்பு காட்டுகிறது. விற்றுவிடலாமா, காத்திருக்கலாமா? இனி மாதம் 6,000 ரூபாயை, நள்ளிரவில் எழுந்து விலை பார்க்கத் தேவையில்லாத ஓரிடத்தில் சேர்க்க விரும்புகிறேன். என் பேச்சை நம்பி மைத்துனரும் 40,000 ரூபாய் போட்டார் என்பதுதான் அதிகம் உறுத்துகிறது.

மறுமொழி 1

வாலெட் காட்டும் தொகை, கடைசியாக நடந்த பரிமாற்றத்தின் விலையை உங்கள் டோக்கன் எண்ணிக்கையால் பெருக்கி வந்த கணக்கு மட்டுமே. அவ்வளவு பணம் உங்கள் கைக்கு வரும் என்பதற்கு அது சான்றாகாது. லிக்விடிட்டி பூலில், அதாவது டோக்கனை மாற்றிக்கொள்வதற்காகச் சேர்த்துவைத்த பொதுத் தொகுப்பில், எதிர்ப்பக்கம் எவ்வளவு பணம் மிஞ்சியிருக்கிறதோ, அதற்கேற்பத்தான் கிடைக்கும். டோக்கனை மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் பக்கத்தில் முழு எண்ணிக்கையையும் இட்டு, உறுதி செய்யாமல், எவ்வளவு கிடைக்கும் என்று காட்டும் வரியை மட்டும் பாருங்கள். அதிலும் நெட்வொர்க் கட்டணம் கழியும். இன்னொன்று: முடங்கிய டோக்கனை மீட்டுத் தருவதாகத் தனிச்செய்தி அனுப்புவோர் இத்தகைய குழுக்களைத்தான் தேடி வருகிறார்கள். வாலெட்டைத் திறக்கும் சாவியான 12 இரகசியச் சொற்களை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மறுமொழி 2

வரிக்காக விற்பதையோ வைத்திருப்பதையோ யோசிக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு; நட்டத்தையோ சம்பளத்திலும் கழிக்க முடியாது, இன்னொரு டோக்கனில் வந்த லாபத்திலும் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. சேமிப்புக்கு நான் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கையே சொல்வேன். 7.1 சதவீத வட்டிக்கு வரி கிடையாது. மாதத்தின் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி சேரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மறுமொழி 3

பிபிஎஃப் நல்லதுதான், ஆனால் முதிர்வுக்கு 15 ஆண்டுகள். ஒருமுறை கை சுட்டுக்கொண்டவர், போட்ட பணம் திரும்பி வருவதைச் சற்று விரைவாகவே கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து ஆண்டுக்கானது. 6.7 சதவீத வட்டியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டியாகக் கணக்கிட்டால், மாதம் 6,000 வீதம் கட்டும் 3,60,000 ரூபாய் தோராயமாக 4,28,000 ஆகும். கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டியே கடைசிவரை நிற்கும். அந்த வட்டிக்கு வரி உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் 15 நாள்களுக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம்தான் கிடைக்கும். ஆகவே மருத்துவச் செலவு போன்றவற்றுக்கான பணத்தை இதில் போடாமல், வங்கியில் தனியாக வையுங்கள். மைத்துனர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், ஐயா.

கேட்டவரின் மறுமொழி

ஸ்வாப் பக்கத்தில் இட்டுப் பார்த்தேன். 18,000 என்று காட்டிய டோக்கன்களுக்கு 3,100 ரூபாய்தான் வரும் என்றது. கட்டணம் போக 2,900. விற்றுவிட்டேன். தொடர் வைப்பில் 4,000, பிபிஎஃப்பில் 2,000 என்று பிரித்துக்கொள்கிறேன். படிவங்களை வாங்கி வந்துவிட்டேன். மைத்துனரிடம் நேற்றிரவு பேசினேன். அவர் போன தீபாவளிக்கே தம்முடையதை விற்றுவிட்டாராம். நான் வருந்துவேன் என்றுதான் சொல்லவில்லையாம்.