கை நடுங்குவதை எல்லோரும் பார்க்கிறார்களா?

கேள்வி:
வயது 26, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. நாலு பேர் முன்னால் கையெழுத்துப் போட்டாலும் டீ டம்ளரை எடுத்தாலும் கை நடுங்குகிறது. அதனால் டீயே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். தங்கச்சி நிச்சயதார்த்தத்தில் பரிமாறச் சொன்னார்கள். சாம்பார் வாளியைப் பார்த்ததும் மாடிக்குப் போய்விட்டேன். ஆலோசகரிடம் போனால் எண்ணத்தை மாற்றச் சொல்வார்களாம். நடுங்குவது கை, எண்ணத்தை மாற்றி என்ன ஆகும்?

பதில் 1:
தம்பி, உனக்குக் கை, எனக்குக் குரல். கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பது என் வேலை. மூன்றாவது வரியிலேயே குரல் உதறும். ‘இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள்’, இதுதான் என் பயம். இதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று ஆலோசகர் கேட்டார். 90 என்றேன்.

தைரியமாக இருங்கள் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நடுக்கத்தை மறைக்க என்னென்ன செய்கிறீர்கள் என்றுதான் கேட்டார். தாளை இறுக்கிப் பிடிப்பேன், மூச்சுவிடாமல் வாசிப்பேன், தலை நிமிரமாட்டேன். நிமிராததால்தான் யாரும் என்னை முறைக்கவில்லை என்பது இத்தனை வருஷமாகத் தெரியாமலே போயிருக்கிறது.

அப்புறம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லி செல்போனில் படம் பிடித்தார். முதலில் என் வழக்கப்படி. அடுத்து கேட்பவர்களைப் பார்த்து, நிதானமாக. படத்தைப் போடும் முன் என்ன தெரியும் என்று எழுதச் சொன்னார். ‘அழுகிற மாதிரி குரல்’ என்று எழுதினேன். யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்க்கச் சொன்னார். இரண்டாவதில் ஒரே ஓர் இடத்தில்தான் லேசான உதறல். முதலாவதில் கண்ணில் பட்டது நடுக்கமே இல்லை, அந்த ஓட்டமான வாசிப்பு.

அடுத்த கூட்டத்தில் நிமிர்ந்து பார்த்தேன். ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலைவர், ‘தொகையை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா’ என்றார், அவ்வளவுதான். 90 என்பது 40 ஆனது. குரல் இன்னும் சில நாள் உதறுகிறது, ஆனால் நான் கூட்டத்துக்கு லீவு போடுவதில்லை.

பதில் 2:
உளவியல் படிக்கிறேன். அக்கா சொன்ன முறைக்கு அடிப்படை டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-ல் முன்வைத்த விளக்கம். கவனம் முழுக்க நம் உடம்பின் மேலேயே இருந்தால், உள்ளே உணர்வதே வெளியிலும் தெரிகிறது என்று நம்பிவிடுவோம். நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் இந்தச் சிபிடியைத்தான் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை), சிகிச்சை வழிகாட்டுதல்கள் தரும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-ல் சமூகப் பதற்றத்துக்கு, அதாவது நாலு பேர் முன்னால் வரும் இந்த மாதிரி பயத்துக்கு, முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. ஒன்று கேட்கணும்: தனியாக இருக்கும்போதும் கை நடுங்குகிறதா? அப்படியென்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், தைராய்டு காரணமாகவும் இருக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி கேட்டவர்:
தனியாக இருக்கும்போது நடுங்குவதில்லை. அக்கா, டம்ளரை நான் எப்போதும் இரண்டு கையாலும்தான் பிடிப்பேன், இப்போதுதான் கவனித்தேன். நாளைக்கு 11 மணி டீயை ஒரு கையால் எடுக்கப் போகிறேன். ‘எல்லோரும் என் கையையே பார்ப்பார்கள், 95’ என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.