வீலுக்கப்பின் கண்ணுக்கு மட்டும் தெரியாத எண்கள்

வணக்கம். எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். உறுப்பினர் எண்ணை வைத்து வங்கிப் பட்டியலிலிருந்து கணக்கு எண்ணை எடுக்க எக்செலில் வீலுக்கப் (பட்டியலில் தேடி, அதே வரியிலுள்ள விவரத்தை எடுத்துத் தரும் சூத்திரம்) போட்டேன். 212 பேரில் நாற்பது பேருக்கு மேல் என்ஏ (கிடைக்கவில்லை) பிழைதான் வருகிறது. பார்த்தால் இரண்டிலும் அதே எண்தான்! அப்படியே பொருந்துவதை மட்டும் தேடும்படி சூத்திரத்தின் கடைசியில் ஃபால்ஸ் கொடுத்திருக்கிறேன், தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் டிரிம்மும் போட்டுவிட்டேன்.

சில கட்டங்களின் மூலையில் பச்சை முக்கோணம் இருந்தது. எண் எழுத்தாகப் பதிந்திருக்கிறது என்று புரிந்து, எக்செலின் டெக்ஸ்ட் டு காலம்ஸ் வசதி வழியாக எண்ணாக மாற்றியதும் பாதி சரியாகிவிட்டது. மீதி அசைய மறுக்கிறது. அவை இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த வரிகள். டிரிம்முக்கு அகப்படாத இடைவெளி ஏதாவது ஒளிந்திருக்குமா? அதை மொத்தமாக நீக்குவது எப்படி?

இன்னொன்று. 16 இலக்கக் கணக்கு எண்களின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிட்டது. எக்செல் 15 இலக்கம்தான் காக்கும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். (நல்லவேளை, பணம் போகும் முன்பே கண்ணில் பட்டது.) இப்போது கட்டத்தை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிய பிறகே தட்டுகிறேன். பழைய வரிகளை பாஸ்புக் பார்த்துத்தான் திருத்த வேண்டுமா?

என்னிடம் இருப்பது எக்செல் 2016, வீலுக்கப்புக்குப் பதிலாக வந்த புதிய எக்ஸ்லுக்கப் அதில் கிடையாது. பத்தாம் தேதி பட்டுவாடா, அதற்குள் யாராவது சொல்லுங்கள்.