கல்மாவா, பாறைப்பொடியா, வண்டலா?

எவரெஸ்ட் வட்டாரத்துப் பனியாறுகளிலிருந்து இறங்கிவரும் ஆற்றை நேபாள மக்கள் தூத் கோசி, அதாவது பால் கோசி, என்று அழைக்கிறார்கள். பனி உருகும் கோடையில் அந்த நீர் சாம்பல் கலந்த பால்போல ஓடும்; உருகல் ஓய்ந்துவிடும் குளிர்காலத்தில் தெளிந்துவிடும். அந்த வெண்மைக்குக் காரணமான, ஆங்கிலத்தில் rock flour எனப்படும் நுண்தூளுக்குத்தான் நாம் தமிழில் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்; கல்மாவு, பாறைப்பொடி, வண்டல் ஆகிய மூன்று சொற்கள் பரிந்துரையில் உள்ளன.

பனியாறு தன் அடிப்பகுதியில் உறைந்து பதிந்த கற்களோடு நகரும்போது, அக்கற்கள் கீழேயுள்ள பாறையை அரைக்கின்றன. ஆட்டுக்கல்லைப் போலச் சுழன்று அல்ல, அம்மிக்குழவியைப் போல இழுபட்டு அரைக்கின்றன. அவ்வாறு உண்டாகும் தூளின் துகள்கள் பெரும்பாலும் 0.06 மில்லிமீட்டருக்கும் குறைந்தவை. ஆகவே அவை எளிதில் அடியில் தங்காமல் நெடுந்தொலைவு மிதந்து செல்கின்றன. அதே வட்டாரத்திலுள்ள கோக்கியோ ஏரிகள் நீலப்பச்சையாகத் தோன்றுவதும், பருமனான துகள்கள் படிந்த பிறகு எஞ்சி மிதக்கும் மிக நுண்ணியவை ஒளியைச் சிதறடிப்பதால்தான்.

'வண்டல்' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. மண்ணியலில் அது துகளின் பருமனை மட்டும் குறிக்கும். பேச்சு வழக்கிலோ ஆறு கொண்டுவந்து வயலில் சேர்க்கும் வளமான மண்ணையே நினைவூட்டும். நாம் பேசும் பொருள் வேதிச்சிதைவு அடையாத, புதிதாகத் தேய்ந்து விழுந்த கனிமத்தூள்; அது களிமண் அளவுக்கு நுண்மையாக இருந்தாலும், களிமண்ணுக்குரிய கனிமங்கள் அதில் மிகுந்திருப்பதில்லை.

'பாறைப்பொடி' பிழையான சொல் அன்று. ஆனால் அது கல்குவாரியில் உடைத்த கல்லின் மிச்சத்தை நினைவுக்குக் கொண்டுவருகிறது. உடைபடுவதும் அரைபடுவதும் வேறு.

கோலமிட அரிசி மாவுக்கு மாற்றாகப் பயன்படும் வெள்ளைக்கல் தூளைப் பல வீடுகளில் கல்மாவு என்றே சொல்கிறார்கள். ஆகவே புதுச்சொல் எதையும் ஆக்க வேண்டியதில்லை. இருக்கும் சொல்லின் பொருளைச் சற்று விரித்தால் போதும். குழப்பம் நேரும் என்ற மறுப்பு எழக்கூடும். நிலவியல் நூலைப் படிக்கும்போது கோலத்தை நினைத்துக்கொள்ளும் மாணவருக்கு, அரைத்த கல் என்னும் பொருள் அப்போதே பாதி விளங்கிவிடுகிறது என்பதால், அதை நான் குறையாகக் கருதவில்லை. வேறுபடுத்தியே ஆக வேண்டிய இடங்களில் 'பனியாற்றுக் கல்மாவு' என்று எழுதலாம். அதைப் 'பனிமாவு' எனச் சுருக்குவது மட்டும் வேண்டாம், அரைபட்டது பனியன்று.

இத்தூள் கலந்த நீருக்குப் 'பாலாறு' என்று பெயர் சூட்டும் ஆசை எனக்கும் எழுந்தது. ஆனால் அப்பெயரில் நம்மிடம் ஓர் ஆறு ஏற்கெனவே உள்ளது. அதில் ஆண்டின் பெரும்பகுதி மணலைத்தான் காண முடிகிறது. 'கல்மாவு நீர்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

வரையறையை இவ்வாறு முன்வைக்கிறேன். கல்மாவு: பனியாற்றின் அடியில் பதிந்த கற்கள் அடிப்பாறையைத் தேய்ப்பதால் உண்டாகி, உருகுநீரில் கலந்து அதனை வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ காட்டும், வேதிச்சிதைவுறாத நுண்தூள்.