கிரிப்ட் ஆஃப் தி நெக்ரோடான்சர்: இதன் கடினம் நியாயமானதுதானா?

மெதுநடை:
2015 ஏப்ரலில் வெளிவந்த இந்த விளையாட்டை நாற்பது மணி நேரத்துக்கும் மேல் ஆடிவிட்டே இதை எழுதுகிறேன். கனடாவின் வான்கூவரில் இயங்கும் பிரேஸ் யுவர்செல்ஃப் கேம்ஸ் உருவாக்கிய இதற்கு டேனி பரனோவ்ஸ்கி அமைத்திருக்கும் இசையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் நிலவறை விளையாட்டுகளின் சுவை நின்று நிதானித்து யோசிப்பதில்தான் இருக்கிறது: எதிரி எந்தக் கட்டத்துக்கு வருவான், எங்கே ஒதுங்கலாம், கையிலிருக்கும் ஒரே மருந்தை இப்போதே குடித்துவிடுவதா என்பவை போன்ற கேள்விகளில். இங்கோ ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் ஓர் அடி எடுத்து வைத்தாக வேண்டும். தட்டைத் தவறவிட்டால் எதிரிகளைக் கொன்று ஏற்றி வைத்திருந்த காசுப் பெருக்கம் (கிடைக்கும் காசைப் பல மடங்காக்குவது) விழுந்துவிடுகிறது; எதிரி மட்டும் தன் முறையைத் தவறாமல் ஆடிவிடுகிறான். பாட்டு முடிந்தால் தரையே திறந்து நம்மை அடுத்த தளத்தில் தள்ளிவிடுகிறது. செத்தால் அந்த மண்டலத்தை, அதாவது பல தளங்கள் சேர்ந்த அந்தப் பகுதியை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். தளங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக அமைவதால் வழியை மனப்பாடம் செய்யவும் இயலாது. இதைக் கடினம் என்று பலர் பாராட்டுகிறார்கள். நான் இதை அவசரம் என்கிறேன்.

நிலவறை நேயன்:
நண்பரே, யோசிக்க இடமில்லை என்பதை மறுக்கிறேன். யோசனை இங்கே வேறு நேரத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பச்சை ஸ்லைம் (கூழ் போன்ற எதிரி) நின்ற இடத்தை விட்டு அசையாது. நீல ஸ்லைம் மேலும் கீழுமாக இரண்டே கட்டங்களில் குதிக்கும். ஆரஞ்சு நிற ஸ்லைம் சதுரமாகச் சுற்றும். எலும்புக்கூடு ஒரு தட்டு விட்டு ஒரு தட்டு நகரும், அதற்கு முன் கையைத் தூக்கிக் காட்டும். மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கன் நேர்கோட்டில் பாய்ந்து வந்து, நாம் விலகினால் சுவரில் மோதி மயங்கி நிற்கும். தொடக்கத்தில் கணிக்க முடியாதது வௌவால் ஒன்றுதான் (அதன் மேல் எனக்கும் தீராத கோபம் உண்டு). முதல் தளத்தின் பாட்டு நிமிடத்துக்கு 115 தட்டுகள். அதாவது ஓர் அடிக்கு அரை நொடி. அந்த அரை நொடியில் புதிதாக யோசிக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் முன்பே யோசித்து வைத்ததை நினைவுகூர அது போதும். முகப்புக் கூடத்திலேயே, சந்தித்த எதிரிகளைத் தனித்தனியாக அழைத்துப் பழக ஒரு பயிற்சியாளரையும் வைத்திருக்கிறார்கள். அவரிடம் நீங்கள் எத்தனை முறை போனீர்கள்?

பழைய கீபோர்டு:
சிலர் தவறுவதற்கு அவர்கள் காரணமே அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தொலைக்காட்சியில் ஒலி சற்றுத் தாமதமாக வருகிறது. அதைச் சரிசெய்யும் அளவீட்டை அமைப்புகளில் தேடிப் பிடிக்கும் வரை, தாள உணர்வே எனக்கு இல்லை என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மெதுநடை:
பயிற்சியாளரிடம் போயிருக்கிறேன், மினோட்டாருக்காக மட்டும். ஆனால் நேயன் சொல்வது மனப்பாடம். மனப்பாடத்துக்குச் சவுக்கடியாகத்தான் இசை பயன்படுகிறது. இசையை எடுத்துவிட்டு வெறும் தட்டு ஒலி தரும் மெட்ரோனோம் கருவியை வைத்தால் ஆட்டத்தில் என்ன மாறிவிடும்?

நிலவறை நேயன்:
நிறைய மாறும். கடைக்காரர் பின்னணிப் பாட்டோடு சேர்ந்து பாடுகிறார்; அவர் குரல் உரக்கக் கேட்கும் திசையில் சுவரைத் தோண்டிக்கொண்டு போனால் கடை கிடைக்கும். மூன்றாம் மண்டலத்தில் நெருப்புப் பகுதியிலிருந்து பனிப் பகுதிக்குள் கால் வைத்தவுடன் அதே பாட்டு வேறு கருவிகளுக்கு மாறிவிடுகிறது, கண்ணால் பார்க்கும் முன்பே காலடியில் பனி என்பதைக் காது சொல்லிவிடும். டீப் ப்ளூஸ் என்ற பாஸ் (மண்டல முடிவில் வரும் பெரிய எதிரி), சதுரங்கக் காய்களின் படையோடு வருகிறது. காய்கள் சதுரங்க விதிப்படியே நகர்கின்றன. குதிரை எங்கே தாவும் என்று தெரிந்தவனுக்கு அங்கே அரை நொடி தாராளம். இத்தனைக்குப் பிறகும் தாளம் பிடிக்காதவர்களுக்கு ‘பார்ட்’ என்ற பாத்திரம் தொடக்கத்திலிருந்தே திறந்திருக்கிறது. நாம் நகர்ந்தால்தான் எதிரியும் நகர்வான். வேண்டுமானால் மணிக்கணக்கில் யோசிக்கலாம்.

மெதுநடை:
பார்டைக் கொண்டு நேற்றிரவு இரண்டு மண்டலங்களை முடித்தேன். உண்மையைச் சொன்னால் சலிப்பாக இருந்தது. குறுவாளால் ஒருவனைக் குத்துவது, ஒரு கட்டம் விலகுவது, மறுபடி குத்துவது. நிதானமாகப் பார்த்தபோது அதில் யோசிக்கவே அதிகமில்லை. இது உங்கள் வாதத்துக்குச் சாதகம் என்று கொண்டாடுவீர்கள். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது: தாளத்துக்கு அடியில் இருக்கும் நிலவறை மெலிந்தது, அந்த மெலிவைத் தாளம் மறைக்கிறது.

நிலவறை நேயன்:
மெலிந்ததல்ல, மெலிய வைத்தது. அரை நொடியில் எடுக்க வேண்டிய முடிவு நான்கு அம்புக்குறிகளுக்குள் அடங்கியாக வேண்டும். பத்து மந்திரங்களும் பட்டியல்களும் இருந்தால் எவனும் ஆட முடியாது. ஆனால் ஒன்றில் உங்கள் பக்கம் வருகிறேன். அரை இதயம் அளவு உயிரோடு தொடங்கி, ஒரு தட்டு தவறினாலே சாகும் ‘ஏரியா’ என்ற பாத்திரத்தை நான் மதிக்கிறேன். அந்த விதியோடு, தங்கத்தைத் தொட்டாலே சாவு என்ற விதியையும் இரட்டை வேகத்தையும் சேர்த்துக் கட்டிய ‘கோடா’ என்ற பாத்திரத்தை மதிக்க முடியவில்லை. அது விளையாட்டல்ல, பந்தயம்.

மெதுநடை:
கோடாவைத் தொடும் எண்ணம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. இன்றிரவு வைரங்களைச் செலவழித்து ஓர் இதயத்தைக் கூட்டிக்கொண்டு, பழையபடி முதன்மைப் பாத்திரமான கேடன்ஸோடு மூன்றாம் மண்டலத்துக்குள் போகிறேன். பனி மாறும்போது காதுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். ‘அவசரம்’ என்ற சொல்லை மட்டும் இப்போதைக்குத் திரும்பப் பெறவில்லை.