ரெக்கார்டு பிளேயர் ஊசி கரெக்டா பாட்டுல மோதிரம் வர்ற இடத்துக்கிட்ட குதிக்குது, ஹெல்ப் பண்ணுங்க

டேவிட் ஹூஸ்டன் பாடுன 'ஆல்மோஸ்ட் பர்சுவேடட்', 1966ல எபிக் லேபிள்ல வந்த 45 ஆர்பிஎம் ரெக்கார்டு, போன மாசம் இங்க நாஷ்வில்ல ஒரு பழைய கடையில எடுத்தேன். அமெரிக்க பில்போர்டு பத்திரிகையோட கன்ட்ரி மியூசிக் சார்ட்ல 9 வாரம் முதலிடத்துல இருந்த பாட்டு. பார்ல ஒருத்தியோட ஆடிட்டிருக்கும்போது அவ கண்ணுல தன்னோட கல்யாண மோதிரம் தெரிஞ்சு மனசு மாறுவான்ல, சரியா அதுக்கு முன்னாடி ஊசி பின்னாடி குதிச்சு மறுபடியும் ஆட ஆரம்பிச்சிடுறான், மனுஷன் வீட்டுக்கே போக மாட்டேங்குறான்.

பெல்ட் டிரைவ் பிளேயர், ஊசி மாத்தி ரெண்டு மாசம்தான் ஆகுது. வேற ரெக்கார்டு எல்லாம் சுத்தமா ஓடுது, இதோட மறுபக்கம் 'வி காட் லவ்' கூட ஓடுது (அதை யாரு கேக்குறா). கார்பன் பிரஷ் போட்டேன், டிஸ்டில்டு வாட்டர்ல துடைச்சேன், ஊசி வெயிட்ட 2 கிராம்ல இருந்து 2.5க்கு ஏத்துனேன், ஆன்டி ஸ்கேட்டிங்கும் (ஊசிக் கை உள்பக்கமா இழுபடாம தடுக்குற செட்டிங்) மாத்திப் பாத்தாச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா முடி மாதிரி ஒரு கீறல் குறுக்க போகுது.

லென்ஸ் வச்சு பல் குச்சியால ஊசி ஓடுற அந்த வரிப்பள்ளத்த மெதுவா நீவி விட்டா சரியாகுமா, செஞ்சு பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?