24 வோல்ட் அடாப்டரில் பிளஸ் 12, மைனஸ் 12 எடுத்தால் ஒரு பக்கம் சாய்கிறது

செங்கோட்டைக்காரன்:
4558 ஐசி போட்ட டோன் கன்ட்ரோல் போர்டு (பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைப்பது) ஒன்று புனலூரில் வாங்கினேன், பிளஸ் 12, ஜீரோ, மைனஸ் 12 என்று மூன்று வயர் கேட்கிறது. கையில் இருப்பது ஒரு 24 வோல்ட் அடாப்டர். நடுவில் ஜீரோ வயர் உள்ள சென்டர் டேப் டிரான்ஸ்பார்மருக்காக மறுபடி ஆரியங்காவு தாண்டிப் போக மனசில்லை, அதனால் இரண்டு 10கே (10,000 ஓம்) ரெசிஸ்டரைத் தொடராக வைத்து நடுவில் ஜீரோ எடுத்தேன். வெறுமனே பார்த்தால் மீட்டரில் 12, 12. போர்டை மாட்டினால் பிளஸ் பக்கம் 8.7, மைனஸ் பக்கம் 15.3! ஆம்பிளிஃபயரில் (ஆம்பில்) இன்னும் மாட்டவில்லை. ஐசி போச்சா?

கம்பம் சவுண்ட்:
ஐசிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. போர்டில் எல்இடி இருக்குமே, பிளஸ்ஸுக்கும் ஜீரோவுக்கும் நடுவில்? அதன் ரெசிஸ்டரில் வண்ணப் பட்டை பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10கே, கணக்கு சரியாக வருகிறது. ஐசி இழுக்கும் கரண்ட் பிளஸ்ஸிலிருந்து நேராக மைனஸுக்குப் போய்விடும், ஜீரோவைத் தொடாது. எல்இடி குடிப்பது 0.67 மில்லி ஆம்ப்தான், ஆனால் அது ஜீரோ வழியாகத் திரும்புகிறது, உங்கள் 10கே ஜோடிக்கு அதுவே தாங்காது. எல்இடியின் ஜீரோ காலை மைனஸுக்கு மாற்றி, ரெசிஸ்டரை 22கே ஆக்குங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் டிஎல்இ 2426 என்று மூன்று கால் ஐசி உண்டு, 20 மில்லி ஆம்ப் வரை நடுவைப் பிடித்து வைக்கும்.

சித்தூர் ரோடு:
இதற்கு எதற்கு இவ்வளவு, பிளஸ்ஸை மைனஸாக மாற்றும் 7660 ஐசி ஒன்று போட்டால் மைனஸ் வந்துவிடுமே.

கம்பம் சவுண்ட்:
24ஐயா அதில் கொடுக்கப் போகிறீர்கள்? தாங்குவதே 10 வோல்ட்தான். 12 கொடுத்து ஒன்றைப் பொசுக்கியவன் சொல்கிறேன்.

பாலக்காட்டு ரேடியோ:
அதெல்லாம் சரி, ஆம்பும் அதே அடாப்டரிலா? அப்படியானால் சிக்கல் அங்கேதான். ஆம்பின் கிரவுண்ட் அடாப்டரின் மைனஸ், உங்கள் ஜீரோவோ அதற்கு 12 வோல்ட் மேலே நிற்கிறது. ஆடியோ வயரைச் செருகினால் அதன் ஷீல்டு (சிக்னல் வயரைச் சுற்றிய கிரவுண்ட் வலை) இரண்டையும் சேர்த்துவிடும், மைனஸ் பக்கம் பூஜ்யம். 2426 போட்டிருந்தால் அதுவும் கொதிக்கும். போர்டுக்கென்று இரண்டு 12 வோல்ட் அடாப்டரை, எர்த் இல்லாத இரண்டு பின் ரகமாகப் பார்த்து, தொடராகப் போடுங்கள். ஒன்றின் மைனஸும் அடுத்ததன் பிளஸ்ஸும் சேரும் இடம் ஜீரோ.

செங்கோட்டைக்காரன்:
ஆமாம், ஆம்பும் அதே அடாப்டர்தான், நல்லவேளை செருகவில்லை. பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டர் இரண்டு பரணில் கிடந்தது. இப்போது 12.2, 12.1. எல்இடியைத் தொடவே இல்லை. ட்ரெபிளைத் திருகினால் மட்டும் கரகரவென்கிறது, அது அந்த ட்ரெபிள் கன்ட்ரோலில் சாரல் ஈரம் ஏறியதாக இருக்கும்.